ஈரம் நிற்காத இடம்

"சுவர் காயறதப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று அண்ணன் ஒருமுறை அவளிடம் கேட்டான்.

கேட்டவன் பதிலுக்கு நிற்கவில்லை. அவளிடம் கேள்வி கேட்பவர்கள் யாருமே நிற்பதில்லை. சொல் தொண்டையில் திரண்டு உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் எதிரில் இருப்பவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அண்ணன் அவளுக்கு ‘மைக்கு’ என்று பேர் வைத்திருந்தான். வீட்டுக்கு யாராவது வந்தால், "மைக்கு, கொஞ்சம் சவுண்டைக் குறை, பக்கத்து வீட்ல தூங்கறாங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அன்றைக்கும் அவன் வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான், கையில் ரப்பர் குழாயோடு, சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"தெரியும்."

உண்மையிலேயே தெரியும். புதுச் சுவருக்குத் தண்ணீர் விடும் வேலையைக் கொத்தனார் அவளிடம்தான் கொடுத்திருந்தார். கட்டிய சுவர் தண்ணீர் குடித்துத்தான் இறுகும், காலையும் மாலையும் நனைக்காமல் விட்டால் விரலால் சுரண்டினாலே உதிர்ந்துவிடும் என்று சொல்லியிருந்தார். குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பீய்ச்சினால், செங்கல் வெளிர் நிறத்திலிருந்து ஈரல் நிறத்துக்கு மாறும். கல்லுக்குள்ளிருந்து மெல்லிய ‘உஸ்’ கிளம்பும். சிமெண்டும் மண்ணும் நனைந்த அந்த வாசனை மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு காயத் தொடங்கும். வெயில் படும் மேல்வரிசை முதலில், ஓரங்கள் அடுத்து, நிழலில் கிடக்கும் அடிவரிசை கடைசியில். நாள் முழுக்க வீட்டில் இருப்பவளுக்கு அது ஒரு கடிகாரம் மாதிரி பழகிவிட்டிருந்தது.

அதனால்தான் அந்த இடம் அவள் கண்ணில் பட்டது. அடிவரிசையில், வெயிலே எட்டிப் பார்க்காத மூலையில், ஒரு கை அகலத்துக்கு ஒரு திட்டு. குழாயைச் சுருட்டி வைப்பதற்குள் அது காய்ந்திருந்தது. சுற்றிலும் கருத்த ஈரம். நடுவில் அது மட்டும் வெளுத்து, கழுவித் துடைத்த தட்டுபோல. திரும்பவும் நனைத்தாள். திரும்பவும் காய்ந்தது. குனிந்து, காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

கதகதப்பாக இருந்தது.

அண்ணனிடம் அதைச் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி.

அறை அம்மாவுக்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா கையில் ஈரத்துணியோடு அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது இடது கை, இடது கால், முகத்தின் இடது பாதி, பேச்சு எதுவும் அவளோடு வரவில்லை. அன்றிலிருந்து கூடத்தின் ஓரத்தில் இரும்புக் கட்டிலில் கிடந்தாள். குளியலறை பின்வாசலைத் தாண்டி வெளியே இருந்தது. தினமும் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவார். ஒரு மழை நாளில் இருவருமாக வழுக்கி விழுந்தார்கள். முட்டி பெயர்ந்த அப்பா ஈரத்தரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. மறுநாள் கொத்தனாரைக் கூட்டி வந்தார். வீட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு அறை, அதிலிருந்தே கதவு திறக்கும் குளியலறை. அறை முடிந்ததும் கூடத்துத் தரையைப் பெயர்த்துப் புதிதாக டைல்ஸ் போடுவது. அதுதான் திட்டம்.

அம்மா விழுந்த வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்லும் ஆசிரியைகள் இனி இல்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அம்மாவுக்குத் துடைத்துவிடுவது, படுக்கைப்புண் வராமல் விரிப்போடு சேர்த்து இழுத்துப் புரட்டிப் படுக்கவைப்பது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுப்பது, உணர்வில்லாத இடது கைக்கு எண்ணெய் தேய்த்து விரல் விரலாக நீவிவிடுவது எல்லாம் அவளுக்கு வந்துவிட்டது. பேச வேண்டியதில்லை. அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்பாள். ஒரு அழுத்தென்றால் ஆமாம். இரண்டு அழுத்தென்றால் இல்லை. அவள் கேட்டு முடிக்கும்வரை அந்தக் கை பொறுமையாகக் காத்திருக்கும். உலகத்தில் அவளுக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதான். அந்த வலது கைதான் இப்போது அம்மா.

சுவர் உயர்ந்தது. கூடவே திட்டும் வளர்ந்தது. முழங்கால் உயரத்துக்கு வந்ததும் பக்கவாட்டில் நீண்டது. ஒரு முனை உருண்டையாக, அதையடுத்துக் கொஞ்சம் குறுகி, பிறகு அகன்று, நீண்டு, மறுமுனையில் மெலிந்து. அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் பக்கத்து வீட்டு மதில். இரண்டுக்கும் நடுவே பூனை புகுந்து போகலாம், அவ்வளவுதான் இடைவெளி. அவள் அதற்குள் குழாயை நீட்டித் தண்ணீர் விடும்போது கன்னத்தைச் சுவரில் ஒட்டி உள்ளே பார்ப்பாள். காய்ந்த சருகு, உடைந்த கல், இருட்டு. வேறு ஒன்றும் இல்லை.

கொத்தனாரிடம் கேட்கவே அவளுக்கு இரண்டு நாள் ஆனது. நல்ல மனிதர்தான். ஆனால் வாய் ஓயாது. தான் கட்டிய சுவரில் யானை முட்டினால் யானைக்குத்தான் தலைவலி என்று தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

"செங்கல்லுல ஒண்ணு ரெண்டு சரியா வெந்திருக்காது பாப்பா" என்றார். "அது தண்ணிய இழுத்துக்கும். கல்யாண வீட்ல ஒரு மாமா மட்டும் பந்தி பந்தியா உக்காருவாரே, அந்த மாதிரி. விடு, வயிறு ரொம்பினா எந்திரிச்சிடுவாரு."

கல்லால் காய்கிறதென்றால் கல்லின் அளவுக்குத்தானே காய வேண்டும், இது கல்லையும் நடுவிலுள்ள கலவையையும் பார்க்காமல் குறுக்கே ஓடுகிறதே என்று அவள் கேட்க நினைத்தாள். அதற்குள் அவர் கரண்டியால் தட்டி அடுத்த கல்லை வைத்துவிட்டார்.

அண்ணன் தினமும் வேலைக்குப் போகும் முன் சுவரைப் போட்டோ எடுத்து வெளியூரில் இருந்த அக்காவுக்கு அனுப்புவான். இன்று இவ்வளவு, நேற்று அவ்வளவு என்று அக்கா ஒப்பிட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். ஜன்னலுக்குச் சட்டம் வைத்த அன்று அக்கா அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான். கூலி கொடுத்து ஆள் வைத்தால் ஆள் வேலை செய்ய வேண்டாமா என்று அக்கா கேட்டாள்.

"யாருடா அது, சுவரோரமா சாஞ்சு படுத்திருக்கறது?"

அண்ணன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஈரம்தான் அக்கா, ஈரமும் காய்ந்ததுமாக அப்படித் தெரிகிறது என்று சிரித்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கச் சுவரை எடுத்து அனுப்ப ஆரம்பித்தான்.

கல் தூக்கித் தந்த சித்தாள் மட்டும் அந்த இடத்தை விரும்பினாள். மதியம் சாப்பிட்டதும் மற்ற இடமெல்லாம் ஈரமாக இருக்க, காய்ந்திருந்த அந்தத் திட்டில் வலது தோளைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடுவாள். "ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்கு பாப்பா. வந்து சாஞ்சு பாரேன்" என்று கூப்பிட்டாள். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அடுத்த வாரம் சித்தாள் வேலைக்கு வரவில்லை. வலது கை மரத்துப்போய் டம்ளர்கூடப் பிடிக்க முடியவில்லையாம், சிமெண்ட் சட்டி தூக்குகிறவர்களுக்கு வருகிற வலிதான் என்று கொத்தனார் சொன்னார். வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

பூச்சு வேலை முடிந்தது. இனி மறைந்துவிடும் என்று அவள் நினைத்தாள். வழவழப்பான சாம்பல் நிறப் பூச்சின் மேல் முதல் தண்ணீர் ஓடி இறங்கியதும், சுவரின் நடுவே அது மறுபடி வெளுத்து எழுந்தது. முன்னைவிடத் தெளிவாக. தலை. தோள். இடுப்பின் வளைவு. சேர்த்து நீட்டிய கால்கள். ஒருக்களித்துப் படுத்து, முதுகு வெளியே இருக்க, முகத்தை அறைப்பக்கம் வைத்திருப்பதுபோல.

பூச்சு நன்றாகக் காய்ந்து வெள்ளையடித்த பிறகுதான் அம்மாவைக் கொண்டுவருவதாக இருந்தது. ஆனால் டைல்ஸ் போடும் ஆட்கள் முன்னதாகவே வந்து நின்றார்கள், இப்போது விட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவோம் என்றார்கள். கூடத்தைக் காலி செய்தாக வேண்டும். அப்பாவும் அண்ணனும் கட்டிலைத் தூக்கி வந்து புது அறையில் போட்டார்கள். குளியலறைக் கதவு திறக்க ஒரு பக்கம் வேண்டும், ஜன்னலோரம் நடக்க வழி வேண்டும். கட்டிலுக்கு இருந்த ஒரே இடம் அந்தச் சுவரோரம்தான். உயரத்துக்காகக் காலுக்கு அடியில் செங்கல் வைத்தார்கள். அம்மாவின் வலது கை அறைப்பக்கம் இருக்கும்படி, இடது பக்கம் சுவரை ஒட்டிப் படுக்கவைத்தார்கள்.

கட்டிலின் உயரமும் திட்டின் உயரமும் ஒன்றாக இருந்தன.

"அப்பா" என்றாள் அவள். "இந்தச் சுவரு..."

"தெரியும் பாப்பா, ஈரம் வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்க. நாலு நாள்ல போயிடும்." அப்பா குளியலறைக் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதங்களாக அவர் முகத்தில் இல்லாத ஒன்று அன்றைக்கு இருந்தது. அவள் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். விளக்கை அணைத்ததும் அறையின் வாசனை கூடிவிட்டது. பச்சை சிமெண்ட், புதுக் கதவின் மரத்தூள், அம்மாவின் உடம்பில் தேய்த்த எண்ணெய். எங்கோ பூச்சிலிருந்து ஒரு துளி திரண்டு தரையில் சொட்டியது. அம்மா தூங்கும்போது மூச்சு ஒரு இடத்தில் தடுக்கும், கழன்ற சைக்கிள் சங்கிலி பல்லில் ஏறி மாட்டுவதுபோல ஒரு சின்னக் ‘கடக்’, பிறகு ஓடும். அந்தக் ‘கடக்’கைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தினமும் தூங்குவாள். அன்று அதையும் கேட்டாள். அதற்கு அடியில் இன்னொன்றையும் கேட்டாள். தடுக்காத, அவசரமில்லாத ஒரு மூச்சு. அம்மா இழுத்த பிறகு அது இழுத்தது. அம்மா விட்ட பிறகு அது விட்டது. கேட்டுக் கற்றுக்கொள்வதுபோல.

மறுநாள் காலை எண்ணெய் தேய்க்க அம்மாவின் இடது கையை எடுத்தாள். எப்போதும் பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருக்கும் கை. அது சூடாக இருந்தது.

அந்த வாரமே இடது கையின் சுண்டுவிரல் அசைந்தது. அடுத்து மற்ற விரல்கள். தொங்கிப்போயிருந்த இடது கன்னம் மெல்ல ஏறி இறுகியது. பயிற்சி கொடுக்க வரும் பெண் நம்ப முடியாமல் சாவியால் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தாள். இடது கால் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டது. வீட்டில் இருந்த எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது. புது அறையின் ராசி என்றான் அண்ணன். அக்கா போனில் அழுதாள். அப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தத்தைத் தாண்டி அவர் விம்மல் கேட்டது.

வலது கையைப் பிடித்துப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

அது குளிர்ந்துகொண்டிருந்தது.

நாளுக்கு நாள் குளிர்ந்தது. முதலில் நுனிகள், பிறகு விரல்கள், பிறகு மணிக்கட்டு. அழுத்து மெலிந்தது. அவள் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். வலிக்குதாம்மா? இல்லை. பசிக்குதா? இல்லை. தூக்கம் வரலையா? இல்லை. பிறகு குரலை இன்னும் தாழ்த்திக் கேட்டாள்.

"இந்த ரூம் வேணாமா?"

ஒரு அழுத்து. நீளமாக. நகம் பதியும்வரை.

அவள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வலது கண்ணிலிருந்து கண்ணீர் காதை நோக்கி வழிந்துகொண்டிருந்தது. இடது பாதி சிரித்தது. பழைய அம்மாவின் சிரிப்பில்லை அது. சுருக்கம் எல்லாம் மறைந்து, பூசி மட்டம் தட்டிய புதுப் பூச்சுபோல வழவழவென்று இருந்த கன்னத்தில், உதட்டின் ஓரம் மட்டும் மேலே ஏறியிருந்தது. இடது கண் அவளைப் பார்க்கவில்லை. அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவை. ஜன்னலை. கதவுக்கு அப்பால் தெரிந்த கூடத்தை. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் பார்ப்பதுபோல.

சுவரைப் பார்த்தாள். பூச்சு இறுகும்வரை நனைக்க வேண்டும் என்பதால் அன்று காலையும் கட்டிலுக்கு மேலாகத் தண்ணீர் தெளித்திருந்தாள்; அந்த ஈரம் அப்படியே இருந்தது. ஒரே நிறம். எங்கும் திட்டில்லை. அந்தச் சுவர் இப்போது மற்றச் சுவர்களைப் போலத்தான் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று மாலை அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே அவள் சொன்னாள். அம்மாவைக் கூடத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்றாள். தன் குரல் அவ்வளவு உரக்க வந்ததில் அவளே திடுக்கிட்டாள். கூடம் பெயர்ந்து கிடந்தது, மணலும் உடைந்த பழைய தரையுமாக.

"எங்க கொண்டுபோய்ப் போடச் சொல்ற?" என்றார் அப்பா. கோபமில்லை. கெஞ்சுவதுபோல இருந்தது. "இப்பத்தான் கை கால் அசையுது. இப்பப் போய் இடத்த மாத்தணுங்கறியே பாப்பா."

"அது அம்மா இல்லப்பா."

அண்ணன் முதலில் சிரித்தான். ஸ்கூலென்றால் பயம், ஆட்களென்றால் பயம், இப்போது அம்மா குணமாவதும் பயமா என்றான். அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா நல்லாகிவிட்டால் உனக்கு வேலை போய்விடும் என்று பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே முகம் சுண்டி வெளியே போனான். அப்பா அவள் தலையில் கை வைத்தார். நம்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நம்பவில்லை.

மறுநாள் மதியம் டைல்ஸ் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் கட்டிலைச் சுவரிலிருந்து இழுக்கப் பார்த்தாள். செங்கல் மேல் நின்ற இரும்புக் கட்டில். அசையவில்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை.

சுவரிலிருந்துதான் அது வருகிறது. இடது பக்கம் வழியாக வருகிறது. இடது பக்கம் சுவரைத் தொடாமல் இருந்தால் போதும். அவள் அப்படித்தான் கணக்குப் போட்டாள். கட்டிலைத் திருப்ப முடியாது. அம்மாவைத் திருப்பலாம். விரிப்போடு சேர்த்து, தலைமாடு கால்மாடாக. தினமும் செய்கிற வேலைதானே.

தலையணையைக் கால்பக்கம் போட்டாள். விரிப்பின் முனைகளைக் கையில் சுற்றிக்கொண்டாள். கட்டிலில் ஏறி முட்டி போட்டு நின்று மெதுவாக இழுத்தாள். அம்மாவின் வலது கை துழாவி அவள் பாவாடையைப் பிடித்தது. பிடித்து அழுத்தியது. இரண்டு தடவை. இரண்டு தடவை. இரண்டு தடவை.

"அவ்வளவுதாம்மா. கொஞ்சம் பொறுத்துக்க. வலிக்கும், கொஞ்சம் பொறுத்துக்க."

இழுத்தாள். திரும்பியது. இன்னும் கொஞ்சம். விரல்கள் பாவாடையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. முடிந்தது. இப்போது இடது பக்கம் அறையைப் பார்த்து இருந்தது. வலது பக்கம் சுவரோடு.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பால் காய்ச்சப் போனாள். பெயர்ந்த கூடத்தைத் தாண்டி, பலகை மேல் கால் வைத்து, சமையலறைக்கு. பால் பொங்கும்வரை நின்றாள். டம்ளரை மாற்றி மாற்றி ஆற்றினாள். திரும்பி வந்தபோது அறையில் ஏதோ மாறியிருந்தது.

மூச்சு. அந்தக் ‘கடக்’ இல்லை.

ஒரே மூச்சுதான் ஓடியது. சீராக.

டம்ளரை ஜன்னலில் வைத்தாள். கட்டிலருகே போனாள். அம்மாவின் வலது கை மடங்காமல் நீண்டு, சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. உள்ளங்கை முழுக்கப் பூச்சில் பதிந்திருந்தது. யாரோ அந்தப் பக்கமிருந்து பிடித்து இழுப்பதுபோல. அவள் குறுக்கே சாய்ந்து அதைப் பற்றி இழுத்தாள். காய்ந்த கிளைபோல வந்தது. கனமே இல்லை. அழுத்தினாள். பதில் இல்லை. இன்னும் அழுத்தினாள்.

"அம்மா. இருக்கியாம்மா?"

பின்னாலிருந்து அவளுடைய இடுப்பை ஒட்டி ஒரு கை நகர்ந்து வந்தது. சூடான கை. அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. இடது கை.

ஒரு தடவை அழுத்தியது.

ஆமாம்.

அவள் கத்தினாள். வெளியே வந்தது காற்று மட்டும். கையைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டில் சுவரோரம் போய் விழுந்தாள். காலையில் அவள் நனைத்த சுவர். கருத்த ஈரம். அதில் கட்டிலை ஒட்டி, ஒரு உள்ளங்கை அளவுக்கு, வெளுத்துக்கொண்டு வந்தது. விரல்கள் தெரிந்தன. மணிக்கட்டு. முழங்கை. தோள் வந்தது. காது வந்தது. கழுத்து. ஒருக்களித்துப் படுத்து, முகத்தை அறைப்பக்கம் வைத்து. ஒடுங்கிய தோள். தேய்ந்த இடுப்பு. தினமும் துடைத்துவிட்டு அவளுக்கு மனப்பாடமான உடம்பு.

கையை வைத்தாள். கதகதப்பு. தாய்ச்சூடு.

வைத்த கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் போய்விடும் என்று தோன்றியது. அங்கேயே முட்டி போட்டபடி இருந்தாள். டைல்ஸ் ஆட்கள் வந்தார்கள். மிஷின் கரகரவென்று அறுத்தது. யாரும் உள்ளே வரவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிப் போனது. கட்டிலில் இருந்தது கண்ணைத் திறந்தபடி கிடந்தது. இரண்டு கண்களும் இப்போது ஒன்றாகவே அசைந்தன. பால் ஆடை கட்டிச் சுருங்கியது.

சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம். அப்பாவின் இருமல். அண்ணனின் வண்டி.

கட்டில் முனகியது.

அது எழுந்து உட்கார்ந்தது. கால்களைக் கீழே விட்டது. முதலில் இடது கால். பிறகு வலது. தரையைத் தொட்டுப் பார்த்தது. நின்றது.

கதவருகே அப்பா வந்து நின்றார். கையிலிருந்த பை விழுந்தது. "ஏய்... ஏய், மெதுவா" என்றார். குரல் உடைந்து சிரிப்பாக மாறியது. அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான், ஐயோ அம்மா என்றான், போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் அழுதார்கள். அப்பா கைகளை நீட்டினார். அது அந்தக் கைகளைப் பார்த்தது. தாண்டிக்கொண்டு போனது.

"பாப்பா, வா, வந்து பாரு. அம்மா நடக்கறா."

அவள் வரவில்லை. சுவரில் வைத்த கையோடு, கழுத்தை மட்டும் திருப்பி, வீட்டோரச் சந்து வழியாகக் கேட்டும் தெருவும் தெரிகிற ஜன்னலில் பார்த்தாள். மணல் குவியலைச் சுற்றிக்கொண்டு அம்மாவின் உருவம் போனது. அம்மாவின் நைட்டி. அம்மாவின் பின்னல், அவள் காலையில் போட்டது. வெறுங்கால். முதல் சில அடிகளில் வலது கால் கொஞ்சம் பின்தங்கியது. கேட்டுக்குப் போவதற்குள் அதுவும் சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ கை தட்டினார்கள். அப்பா அம்மாவின் பழைய செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். கல்லு குத்தும், போட்டுக்கிட்டு போ, எங்க போற, சொல்லிட்டாவது போயேன் என்று தெருவில் நின்று கூப்பிட்டார். முதலில் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். பிறகு சிரிக்காமல்.

அவளுடைய உள்ளங்கைக்கு அடியில் சுவரின் சூடு மெல்ல ஆறத் தொடங்கியது.

தெருவில் போய்க்கொண்டிருந்தது திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை இரண்டு பக்கமும் வீசி, நிதானமாக, விளக்குகள் எரியத் தொடங்கிய வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அது முனை திரும்பிப் போனது.